நடுக்கம் அடங்கும் கணம்

கையில் பிடித்த கேமராவின் நடுக்கம் ஒரு வகை, டிரைபாட் எனப்படும் மூன்றுகால் தாங்கியின் மீது ஏற்றிய கேமராவின் நடுக்கம் வேறு வகை. மூச்சோடும் நாடித்துடிப்போடும் சேர்ந்து அலையும் கை, திசை மாறி மாறி, ஓய்வே இல்லாமல் அசைந்துகொண்டிருப்பதால் அதன் தடம் படத்தில் கோணல்மாணலான கோடாக விழுகிறது. டிரைபாடோ, தட்டப்பட்ட வெண்கலப் பாத்திரம்போல விரைவாகவும் நுண்ணிதாகவும் அதிர்ந்து, பின் தானே தேய்ந்து ஓய்கிறது. அந்தத் தேய்வில்தான் இக்கலையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. மூன்று கால்களை ஊன்றிவிட்டால் அசைவு ஒழிந்தது என்று கருதுபவர் தொழிலில் பாதியையே கற்றவர். அசைவு எங்கே பிறக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அறிந்து, அது அடங்கும்வரை பொறுத்து ஷட்டரைத் திறப்பவரே கைதேர்ந்தவர்.

தெளிவு குன்றிய படம் ஒன்றைக் கண்டு அதன் காரணத்தைப் படத்திலிருந்தே படித்தறிவது ரசிகருக்குக் கிடைக்கும் தனி இன்பம். குவியம் தவறிய படத்தில் விளிம்புகள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் கலங்கியிருக்கும். டிரைபாட் அதிர்வில் எடுக்கப்பட்ட படத்திலோ, ஜன்னலின் செங்குத்துக் கம்பிகள் கூர்மையாக நிற்க, கிடைச்சட்டங்கள் மட்டும் மெல்லிய இரட்டை வரிகளாகத் தெரிவதுண்டு. இது எஸ்எல்ஆர் வகைக் கேமராவின் கண்ணாடி விட்டுச்செல்லும் கையெழுத்து. இவ்வகைக் கேமராவில் லென்ஸ் வழி வரும் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பித் தரும் ஒரு சிறு கண்ணாடி, படம் எடுக்கும் கணத்தில் மேலே எழும்பித் தடுப்பில் மோதுகிறது. அந்த மோதல் மேலும் கீழுமாக நிகழ்வதால், கேமராவும் பெரும்பாலும் அதே போக்கில்தான் குலுங்குகிறது.

இங்கே, முதல் பார்வையில் முரணாகத் தோன்றும் ஓர் உண்மை உண்டு. 1/1000 விநாடியில் எடுக்கும் படத்துக்கு இந்தக் குலுக்கலால் தீங்கில்லை, ஏனெனில் அதிர்வு கேமராவை நகர்த்துவதற்குள் ஷட்டர் மூடிவிடுகிறது. 30 விநாடிப் படத்துக்கும் தீங்கில்லை, ஏனெனில் முதல் விநாடிக்குள் அதிர்வு ஓய்ந்துவிட, எஞ்சிய 29 விநாடிகளும் அசையாத ஒளியே பதிந்து, தொடக்கத்துக் கலக்கத்தை மூழ்கடித்துவிடுகிறது. இடைப்பட்ட 1/60 விநாடி முதல் 1 விநாடி வரையிலான வேகங்களில், சிறப்பாக 1/15, 1/8 விநாடிகளில், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அதிர்வும் உயிரோடிருக்கிறது. டிரைபாட் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் பலரும் தயக்கமின்றி இறங்கும் வேகங்கள் இவையே என்பதுதான் வருந்தத்தக்கது.

இதற்கான மருந்துகள் யாவும் காலத்தைப் பிரித்துவைக்கும் வழிகளே. கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்தி நிறுத்தும் மிரர் லாக்-அப் வசதி, மோதலையும் ஷட்டர் திறப்பையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்குகிறது. விரல் அழுத்துவதால் எழும் அசைவைக் கேபிள் ரிலீஸ் என்னும் நீள்கம்பி விசை தடுக்கிறது. அது கையில் இல்லாதபோது 2 விநாடி டைமர் பெரும்பாலும் போதும், கனமான நீண்ட லென்ஸ் பூட்டியிருந்தால் 10 விநாடி நல்லது. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்களிலும் ஷட்டர் திரை விரைந்து நகர்ந்து நிற்பதால் சிறு உதறல் உண்டு; அவற்றில் முதல் திரையின் வேலையை மின்னணு முறையில் சென்சாரிடமே ஒப்படைக்கும் ஏற்பாடு அந்த உதறலையும் நீக்குகிறது. ஆயினும் இவை எல்லாவற்றிலும் எளியதும் அழகியதும் பழைய தொப்பி முறையே. லென்ஸைத் தொடாமல் அதன் முன்னே ஒரு கறுப்புத் தொப்பியையோ அட்டையையோ பிடித்துக்கொண்டு, ஷட்டரைத் திறந்து, அதிர்வு ஓயும்வரை இருட்டிலேயே காத்திருந்து, பின்பு தொப்பியை மெல்ல விலக்கினால், எந்தப் பொறியும் சம்பந்தப்படாமல் ஒளி உள்ளே நுழைகிறது. வானத்தைப் படமெடுப்போர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட இம்முறையில் மனிதக் கையே ஷட்டராகிறது.

தாங்கியின் உடலுக்கும் குணம் உண்டு. அலுமினியம் அதிர்வைச் சற்று நேரம் பாடவிடுகிறது. மரம் அதை உள்வாங்கி விரைவில் கொன்றுவிடுகிறது. நில அளவையாளர்கள் நெடுங்காலம் மரக்கால்களை விடாமல் இருந்ததற்கும், ஜெர்மனியின் பெர்லேபாக் நிறுவனம் இன்றும் ஆஷ் மரத்தில் டிரைபாட் செய்வதற்கும் இக்குணமும் ஒரு காரணம். பிரான்சில் தோன்றிய கிட்சோ நிறுவனம் 1990களில் கொண்டுவந்த கார்பன் இழைக் கால்கள், குறைந்த எடையில் மரத்தை ஒத்த அடக்கத்தைத் தந்து, மலையேறும் படக்கலைஞரின் தோள்சுமையைக் குறைத்தன. எப்பொருளாயினும் தடித்த மேல்கணுக்களை முதலில் நீட்டி, மெலிந்த கீழ்க்கணுக்களைக் கடைசிக்கு விடுவதும், நடுத்தண்டை உயர்த்தாதிருப்பதும் மரபு. உயர்த்தப்பட்ட நடுத்தண்டு, மூன்று கால்களின் உறுதியை ஒற்றைக் காலுக்குக் கைமாற்றிவிடுகிறது. நடுவில் கனமான பையைத் தொங்கவிடுவது நல்லதே, ஆனால் அந்தப் பை காற்றில் ஊசலாடினால் அதுவே நடுக்கத்துக்கு ஊற்றாகிவிடும் என்பதால், அதன் அடி தரையைத் தொட்டிருக்க வேண்டும். காற்றில் படபடக்கும் கழுத்துவாரைக் கழற்றிவிட வேண்டும் என்பதும், ஆட்கள் நடக்கும் மரப்பாலம் ஒருபோதும் நிலையான தரையாகாது என்பதும் விளக்கம் வேண்டாதவை. நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸுக்குள் வைத்த கருவி, நடுக்கமே இல்லாத இடத்தில் தானே அசைவை உண்டாக்கக்கூடும் என்பதால், பழைய லென்ஸ்களில் அதை அணைத்துவிடுவதே முறை.

ஆன்சல் ஆடம்ஸ் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் எடுத்த ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்’ என்னும் படத்தை இந்த அறிவோடு பார்க்கும்போது அதன் சிறப்பு கூடுகிறது. பிற்கால வானியல் கணக்கீட்டின்படி 1941 நவம்பர் 1 என்று நிறுவப்பட்ட அந்த மாலையில், சிற்றூரின் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள்மீது கடைசி வெயில் விழுந்துகொண்டிருந்தது. 8-க்கு 10 அங்குல ஃபிலிம் ஏற்கும் அவரது பெரிய கேமராவில் குலுங்கும் கண்ணாடி இல்லை. ஆயினும் அதன் துருத்தி காற்றைப் பாய்போல வாங்கக்கூடியது. எஃப்/32 என்னும் சிறு துளையோடு மஞ்சள் வடிகட்டியும் சேர்ந்து ஒரு முழு விநாடி எக்ஸ்போஷரைக் கேட்டன. அந்த ஒரு விநாடி முழுவதும் கேமரா அசையாது நின்றாக வேண்டும். ஒளிமானி கைக்கு அகப்படாத அவசரத்தில், நிலவின் ஒளி அளவை நினைவிலிருந்து எடுத்துக் கணக்கிட்டு, அவர் ஷட்டரை இயக்கினார். நுண்ணிய வெண்சிலுவைகளின் விளிம்புகள் அந்தப் படத்தில் இரட்டிக்காமல் நிற்கின்றன. இரண்டாவது படத்துக்காக அவர் ஃபிலிம் உறையைத் திருப்பிச் செருகுவதற்குள், சிலுவைகளை விட்டு வெயில் நீங்கிவிட்டது.