இணையவழித் திருமணத் தொடர்பும் சாதியமைப்பும்: கீரிமலையிலிருந்து ஒரு நோக்கு

திருமணத் தொடர்பினை இணையவழி ஏற்படுத்தும் கம்பனிகளின் வரலாறு, ஊக்கமுள்ள தனிமனிதர் ஒருவரின் வெற்றிக்கதையாகவே பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. தமிழர் ஒருவர் தொடக்கிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்த்த பாரத்மேட்ரிமோனி பற்றிய எழுத்துக்களும் இதற்கு விலக்கல்ல. அக்கதையை நாம் மறுக்கவில்லை. ஆயின், அக்கம்பனி எதனைச் சரக்காக்கி வளர்ந்தது என்னும் வினாவை அக்கதை எழுப்புவதில்லை. கீரிமலை போன்றதோர் ஊரில் நின்று நோக்குவோர்க்கு அவ்வினா தவிர்க்க முடியாதது.

அமெரிக்காவிற் கணினித் துறையிற் பணியாற்றிய முருகவேல் ஜானகிராமன், அங்கு வாழ்ந்த தமிழருக்கென 1997இல் ஓர் இணையத்தளத்தை அமைத்தார். நாட்காட்டி, பண்டிகை நினைவூட்டல் முதலியவற்றோடு மணத்தொடர்புப் பகுதியொன்றும் அதில் இடம்பெற்றது. வந்தோர் மிகுதியாக நாடியது இப்பகுதியையே. 2001இல் அவர் வேலையிழந்தபின் அதுவே முழுநேரத் தொழிலாயிற்று. 2006இல் யாகூவும் கனான் என்னும் முதலீட்டு நிறுவனமும் மூலதனம் இட்டன. 2017 செப்டெம்பரிற் பங்கொன்று 985 ரூபாவாகக் கம்பனி பங்குச்சந்தைக்கு வந்தது. இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது அதன் பிறப்பிடமாகும். ஊரிலும் உறவிலும் இருந்து பிரிந்து, பெண்ணோ மாப்பிள்ளையோ தேட அயலாரும் தரகரும் அற்றிருந்தோரின் தேவையிலேயே இது முளைத்தது.

மேலைநாட்டு மாதிரியோடு இதனை ஒப்பிடுதல் பயனுடைத்து. 1995இல் அமெரிக்காவில் தோன்றிய மச் என்னும் சேவை, தன் துணையைத் தானே தேடும் தனியாளை எண்ணி அமைக்கப்பட்டது. 2012இல் வந்த டின்டர் அத்தேடலை விரலசைவாகச் சுருக்கிற்று. நம் கம்பனியின் விண்ணப்பப் படிவமோ, யாருக்காக இது நிரப்பப்படுகின்றது என்ற வினாவுடன் தொடங்குகின்றது: எனக்காகவா, மகளுக்காகவா, சகோதரனுக்காகவா? இவ்வொரு வினாவிலேயே குடும்பம் மேசையருகே அமர்ந்துவிடுகின்றது. 2016இல் இந்திய அரசு வெளியிட்ட அறிவுறுத்தலும், இத்தகைய தளங்கள் திருமணத்திற்கேயன்றிக் காதற் சந்திப்புக்கு உரியனவல்ல என வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. குடும்பம் வரைந்த எல்லைக்கோட்டை அரசும் அழுத்தி வரைந்தது எனலாம்.

அடுத்து வரும் நிரல்கள் சமயம், சாதி, உட்சாதி, கோத்திரம், நட்சத்திரம், இராசி, தோஷம் என விரிகின்றன. பின்னர் சமூகத்துக்கொரு தளமாக நூற்றுக்கணக்கான தளங்களை இக்கம்பனி திறந்தது. வணிக மொழியில் இது சந்தையைப் பகுத்தல் எனப்படும்; பகுப்பை ஆக்கித் தந்தது சாதியே. (போட்டிக் கம்பனியொன்றின் பெயர் ஷாதி. திருமணம் எனப் பொருள்படும் இந்திச் சொல்லாகிய அதனை, கிரந்த எழுத்தை விலக்கித் தமிழில் எழுதுவோர் உண்மையை அறியாமலே எழுதிவிடுகின்றனர்.) சாதி தடையன்று எனக் குறிக்கவும் படிவத்தில் இடமுண்டு என்பர். உண்மையே. ஆனால், அவ்வாறு குறிப்பவரும் தம் சாதியை எழுதிய பின்னரே அதனைத் தடையன்று என்கின்றார்.

கூலிமுறையிலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. தரகருக்குக் கலியாணம் ஒப்பேறினாலே முழுக்கூலி. கம்பனிக்கோ, கலியாணம் நடப்பினும் நடவாவிடினும், இத்தனை மாதம் என்ற கணக்கிற் சந்தா கிடைக்கின்றது. விற்கப்படுவது மணமன்று, தேடும் உரிமை. அவ்வுரிமையின் வாயிலில் நிற்கும் கம்பனி தனக்கு மேலான வாயிற்காவலன் ஒருவனோடு பொருத நேர்ந்தமை சுவையானது. அதன் முறைப்பாட்டின் மீது, இந்தியப் போட்டி ஆணைக்குழு 2018 பெப்ரவரியிற் கூகிளுக்கு ஏறத்தாழ 136 கோடி ரூபா தண்டம் விதித்தது. 2024 மார்ச்சிற் கட்டணப் பிணக்கொன்றிற் கூகிள் அதன் செயலிகளைத் தன் கடையினின்றும் அகற்றிச் சில நாட்களில் மீள இட்டது.

இனிக் கீரிமலைக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பேச்சுக்காலிற் சாதியை நேரே கேட்பது நாகரிகமன்று. எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று கேட்பர்; விடையிற் சாதி தானே வெளிப்படும். குறிப்புப் பார்ப்பது அதன் பின்னரே. கோத்திரமோ நம்மவருட் பெரும்பாலார் கேளாத வினா. ஆகவே இங்குச் சாதி நிலத்தில் ஒட்டிக் கிடந்தது. நிலத்தில் ஒட்டியதாகையால், அதனை எதிர்த்துப் போராடவும் ஓர் இடம் இருந்தது. கீரிமலைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் 1968இல் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தினர் நின்றபோது, எக்கதவு திறக்கப்பட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

1990 யூனில் மீண்டும் மூண்ட போர் வலிகாமம் வடக்கு மக்களைப் பெயர்த்தெறிந்தது. மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி நிலையங்களிற் சிலர் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். ஏனையோர் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறினர். ஊர் எது என்ற வினாவுக்கு அவர்தம் பிள்ளைகள் தரக்கூடிய விடை எதனையும் உணர்த்தவில்லை. ஊர் குலைந்தமையாற் சாதியும் குலையும் என நம்முட் சிலர் எதிர்பார்த்ததுண்டு. அவ்வெதிர்பார்ப்பு முற்றும் ஆதாரமற்றதன்று. முகாம்களில் ஒரே கிணற்றில் அள்ளியோர் இருந்தனர். எனினும், ஊர் மறைமுகமாய்ச் சொன்னதைப் படிவத்தின் நிரல் நேராய்ச் சொல்லத் தொடங்கியது. நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட சாதி, எந்நாட்டிற்கும் கொண்டு செல்லத்தக்க ஒரு தரவாக உருமாறிற்று. மாவிட்டபுரத்திற் போன்று முன்னே சென்று நிற்பதற்கு இங்கே கதவும் இல்லை.

இதனைக் கூறும்போது படிவம் அளித்த நன்மையை மறைத்தலும் ஆகாது. மணமுறிவு பெற்ற பெண், போரிற் கணவனை இழந்தவள், இடப்பெயர்வில் வயது கடந்தவள் ஆகியோரைத் தரகர் தம் பட்டியலிற் கடைசியில் வைப்பர், அல்லது வையாமலே விடுவர். அவர்கள் தம் விபரத்தைத் தாமே எழுதவும், வேண்டாதவரைத் தாமே மறுக்கவும் முடிகின்றமை சிறிய செய்தியன்று. நம் திறனாய்வாளர் சிலர் இத்தளங்களை வெறும் பண்பாட்டுச் சீரழிவெனத் தள்ளுவது இதனாலேயே நமக்கு உடன்பாடன்று. இப்பெண்களுக்குக் கிடைத்த வாய்ப்பும் சாதி நிரலைக் கடந்தே வருகின்றது என்பதே நம் முறைப்பாடு.

படிவத்திற் சீதனத்துக்கு நிரல் இல்லை. இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்கின்றது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையோ சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகக் கொண்டு விதிகள் வகுத்தது. யாழ்ப்பாணத்தில் அது பெரிதும் காணியாகவே கொடுக்கப்பட்டது. கீரிமலையிலோ அக்காணி உயர்பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்கு அப்பாற் கிடந்தது. உறுதியைக் காட்டலாம், காணியைக் காட்ட முடியாது. எனவே பேச்சுக்காலிற் காணியின் இடத்தை வெளிநாட்டுப் பணம் பிடித்தது. தளத்தில் ஆண்டு வருமானத்துக்கான நிரல் உண்டு. சீதனப் பேச்சு, சந்தா கட்டித் தொலைபேசி இலக்கம் பெற்ற பின்னர், படிவத்துக்கு வெளியே நடைபெறுகின்றது.