கைகளைப் பார்!

சூதாட்ட மேஜையில் முகத்தைப் பார்க்காதே, கைகளைப் பார் என்று ஒரு கணவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறார். பொழுது போகாமல் ஊர் ஊராகச் சுற்றும் அந்த 42 வயது ஆங்கிலேய விதவை, மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ஒரு ஜோடிக் கைகளைப் பார்க்கிறார். பிடித்தது வினை.

ஸ்டெஃபான் ஸ்வைக் 1927-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட குறுநாவல், 'ஒரு பெண்ணின் வாழ்வில் இருபத்து நான்கு மணி நேரம்'. சூதாட்ட வெறியைப் பற்றிய கதை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் தோற்றுவிட்டுச் சாகப்போகிற முகத்தோடு வெளியேறும் போலந்து இளைஞனை, மகன் வயசுப் பையனை, பின்னாலேயே போய்க் கொட்டுகிற மழையில் காப்பாற்றுகிறார். அந்த இரவு இருவரும் ஒரே அறையில். மறுநாள் தேவாலயத்தில், இனி சூதாட மாட்டேன் என்று சத்தியம். ஊர் திரும்பவும் அடகு நகையை மீட்கவும் பணம் கொடுக்கிறார். ராத்திரி பார்த்தால் அதே மேஜை, அதே கைகள், இவர் கொடுத்த பணம்! தடுக்கப் போனவரை அத்தனை பேர் நடுவில் திட்டி, நோட்டுகளை மூஞ்சியில் விட்டெறிகிறான்.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது வெறும் வராக்கடன். ஆனால் கதையின் உயிர் அந்தப் பகல் வேளையில் இருக்கிறது. ஊருக்குப் போ என்கிறார். சரி என்று நன்றியோடு தலையாட்டுகிறான். அங்கேதான் அவருக்கு வலிக்கிறது. போக மாட்டேன், உன்னோடுதான் இருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பிள்ளைகள், மானம், பெயர் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கூடவே போயிருப்பார். அவனோ இவரைக் காக்க வந்த தெய்வமாக்கிவிட்டான். பெண்ணாகப் பார்க்கவே இல்லை. அப்புறமும் மனசு கேட்காமல் பெட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். ரயில் கிளம்பிவிட்டது. சொல்லுங்கள், இதில் பெரிய சூதாடி யார்?

1928-ல் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய கட்டுரையில் ஃபிராய்டு இந்தக் கதையை அலசினார். தாயே வந்து காப்பாற்ற வேண்டும் என்கிற மகனின் ஆசை என்பது அவர் கட்சி. எழுதும்போது அப்படியெல்லாம் நினைக்கவில்லை என்றாராம் நண்பர் ஸ்வைக். ஃபிராய்டின் கண் பையன் மேல். என் கண் அந்த அம்மாள் மேல்.

குறை இல்லாமல் இல்லை. ஸ்வைக்குக் கொஞ்சம் உணர்ச்சி வேகம் ஜாஸ்தி. எல்லாருக்கும் எல்லா நேரமும் ஜுரம் அடிக்கிறது. கைகளின் வர்ணனையைப் பாதியாக வெட்டியிருந்தாலும் அவை நடுங்கியிருக்கும்.

இதையெல்லாம் அவர் சொல்வது 67 வயதில். ஒருநாள் பழகியவனோடு ஓடிப்போன ஆன்ரியெத் என்ற பெண்ணை விடுதியே தூற்றும்போது, ஒருத்தர் மட்டும் அவளுக்காகப் பேசுகிறார். அதனால் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறார். அந்தப் பையன் மான்டி கார்லோவில் தன்னைச் சுட்டுக்கொண்டு செத்துப்போனதைப் பல வருஷம் கழித்து ஒரு விருந்தில் தற்செயலாகக் கேள்விப்பட்டதையும் சொல்கிறார். அழவில்லை. இனி எங்கேயும் அவனை எதிரில் பார்க்க வேண்டியதில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்ததாம்.