வெள்ளித் தகடும் தாசில்தாரின் துப்பாக்கியும்

ஜிம் கார்பெட்டின் ரைஃபிளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்கள் அதன் கட்டையில் பதித்திருக்கும் வெள்ளித் தகட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1907இல் சம்பாவத்தில் ஆட்கொல்லிப் பெண்புலி ஒன்றைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹூயட் அளித்தது என்று தகடு சொல்கிறது. லண்டன் ரிக்பி கம்பெனியின் .275 ரைஃபிள். பொறி மாஸர். தோட்டாவும் ஜெர்மானியரின் 7 மில்லிமீட்டர் தோட்டாதான். ரிக்பி அதை அங்குலக் கணக்கில் பெயர் மாற்றிக்கொண்டது. கார்பெட் 1947இல் கென்யாவுக்குப் போய் 1955இல் அங்கேயே இறந்தார். ரைஃபிள் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்திடம் போய்ச் சேர்ந்தது. 2015இல் செய்த கம்பெனியே அதை வாங்கிக்கொண்டது. மறு வருஷம் இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டியது.

பழைய துப்பாக்கி ஒன்றைப் போற்றி வைத்திருப்பதை நான் பரிகசிக்கவில்லை. எண்ணெய் போட்டுத் துரு ஏறாமல் காப்பது, கட்டையில் விழுந்த கீறல்களைப் புதுசாக்குகிறேன் என்று தேய்த்து அழிக்காமல் விடுவது, இதெல்லாம் ஒருவகையில் நல்ல வாசகனின் குணங்கள். பிரதியைத் திருத்தாதவன் அவன். ஆனால் கீறல்களைப் படிக்காமல் தகட்டை மட்டும் படிக்கிறவனை என்ன சொல்வது?

தகடு சொல்வதில் பொய் இல்லை. ஆனால் சம்பாவத்தில் இந்த ரைஃபிள் இல்லை. புலி செத்த பிறகு வந்த பரிசு இது. அன்று நடந்ததைக் கார்பெட்டே 1944இல் வெளியான 'மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவோன்' புத்தகத்தின் முதல் கதையில் எழுதியிருக்கிறார். கையில் .500 ரைஃபிள், மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகு காயம்பட்ட புலி பாறைமேல் நிற்கிறது. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியைப் பிடுங்கி வருகிறார். அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி. சுட்டால் வெடிப்பு பின்பக்கம் பாய்ந்து கண்ணே போகலாம். இருபதடி தூரத்தில் வாய்க்குக் குறிவைக்கிறார். குண்டு முன்னங்காலில் படுகிறது. ஏற்கனவே உயிர் போய்க்கொண்டிருந்த புலி அந்தத் தட்டலில் சாய்கிறது. பிறகு அந்தக் குண்டை விரல் நகத்தாலேயே எடுத்துவிடுகிறார்.

436 பேரைக் கொன்றதாகக் கணக்கிருந்த மிருகத்தின் கதை இப்படி முடிகிறது. தகடு எழுதுகிறவனுக்கு இந்த முடிவு உபயோகப்படாது. நகத்தால் எடுத்த குண்டை விடாமல் எழுதியதில்தான் கார்பெட் வேட்டைக்காரர் என்பதிலிருந்து எழுத்தாளராகிறார்.

.275 ரைஃபிளுக்கு உண்மையான இடம் ருத்ரப்பிரயாகையில் இருக்கிறது. 1918இலிருந்து எட்டு வருஷங்களில் 125 பேரைக் கொன்ற சிறுத்தை. 1926 மே மாதம், குலாப்ராய் மாமரத்தில் இராத்திரிக்குப் பின் இராத்திரியாகக் காத்திருக்கிறார். கீழே ஆட்டின் கழுத்துமணி ஒலிக்கிறது. ரைஃபிளில் கட்டிய விளக்கின் ஒளி ஒரு கணம், ஒரே வெடி, விளக்கு அணைந்துவிடுகிறது. பட்டதா இல்லையா என்று தெரியாமல் விடியும்வரை இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். ரைஃபிளின் அழகைப் பற்றி அங்கே வர்ணனை கிடையாது. அது குறி தவறாது என்ற நம்பிக்கை மட்டுமே வாக்கியங்களுக்கு அடியில் இருக்கிறது. நேசிக்கிற பொருளை எழுத்தில் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்த இராத்திரியைத் தகட்டில் யாரும் பொறிக்கவில்லை.

சம்பாவத் கதையில் தனக்கு வந்த ரைஃபிளைப் பற்றிக் கார்பெட் மூச்சு விடவில்லை. ஆனால் பிறகு நைனிடால் தர்பாரில் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கியும், தன்னோடு வந்த கிராமத்தானுக்கு ஒரு வேட்டைக் கத்தியும் கிடைத்ததை எழுதுகிறார். இரண்டும் அந்தக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்தப் பெருந்தன்மை உண்மையானது. ஆனால் இங்கேயே அவருடைய எல்லையும் தெரிந்துவிடுகிறது. தாசில்தார் தாசில்தாராகவே நிற்கிறார், கிராமத்தான் கிராமத்தானாகவே. இருவருக்கும் பெயர் இல்லை. குண்டு குறி தவறியதைச் சொல்லத் தெரிந்த எழுத்துக்கு இரண்டு பெயர்களைச் சொல்லத் தோன்றவில்லை. பெயர் இருந்த ரைஃபிளைத் தேடி வாங்க ஒரு கம்பெனி இருந்தது. பெயர் இல்லாதவர்களின் ஆயுதங்களை எந்த விலாசத்தில் தேடுவது?

அந்த ரைஃபிளின் மாதிரியில் இன்று புதிய ரைஃபிள்கள் செய்து விற்கிறார்கள். வாங்குகிறவர் வாங்கட்டும், எண்ணெய் போட்டுக் காப்பாற்றட்டும். குழலில் இடைவெளி விழுந்த தாசில்தாரின் துப்பாக்கியை யாரும் மாதிரி செய்யப்போவதில்லை. அது புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஓட்டையோடு, பழுது பார்க்கப்படாமல்.