செனகலை வார்த்த தரீக்காக்கள்

ஆண்டுதோறும் சஃபர் பிறை 18இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகல் தூபா நகரில் திரள்கிறது. முரீதிய்யா என்னும் சூஃபி நெறியை (தரீக்காவை) நிறுவிய ஷைகு அஹ்மது பம்பாவை, அன்று நாட்டை ஆண்ட பிரெஞ்சு அரசு 1895இல் நாடு கடத்தியதன் நினைவுநாள் அது. ஆட்சியாளர் கொடுத்த தண்டனையை அவர்வழி நடக்கும் முரீதுகள் இறையருளாக எண்ணி நன்றித் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள்.

செனகலில் பத்துப் பேரில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். பெரும்பாலோர் ஏதேனும் ஒரு தரீக்காவைச் சேர்ந்தவர்கள். மூத்தது, காயல்பட்டினத்தார் நன்கறிந்த காதிரிய்யா. ஆள்பலம் மிகுந்தது திஜானிய்யா. அதன் திவாவன் கிளையை வளர்த்த மாலிக் ஸி (மறைவு 1922) கல்வியை அளவுகோலாக வைத்தார். தம்மிடம் ஓதித் தேறியவர்களை ஊர் ஊராக ஓதிக்கொடுக்க அனுப்பினார். அதே தரீக்காவைச் சேர்ந்த, கவ்லாக் நகரின் இப்ராஹீம் நியாஸ் ஆன்மிகப் பயிற்சியை ஆண் பெண் பேதமின்றித் திறந்துவிட்டார். யோஃப் கடற்கரை மீனவரிடையே எழுந்தது லாயீன் நெறி.

பம்பாவின் முரீதிய்யாவுக்கு உழைப்பே வணக்கம். நிலக்கடலை விளைவித்த கைகள்தாம் தூபாவின் பெரிய பள்ளிவாசலை எழுப்பின. அது 1963இல் திறக்கப்பட்டது. காபோனில் ஏழாண்டு, பிறகு மவுரித்தானியாவில் நான்காண்டு என வனவாசம் கண்ட பம்பா ஆயுதம் எடுக்கவில்லை, கசீதாக்கள் பாடினார். கப்பலில் தொழ விடாதபோது கடல்மேல் விரிப்பை இட்டுத் தொழுதார் என்பது அடியார்களின் நம்பிக்கை. 1913இல் எடுத்த ஒரே ஒரு படம்: வெள்ளை அங்கி, முகத்தைப் பாதி மறைக்கும் துணி. தலைநகர் டக்காரின் சுவர்களிலும் பேருந்துகளிலும் இன்று அந்த உருவம்தான்!

இத்தனை தரீக்காக்கள் இருந்தும் நாடு பிளவுபடவில்லை. இன்னும் சொன்னால், பல தரீக்காக்கள் இருந்ததே காப்பாயிற்று. எந்த ஒன்றும் நாட்டைத் தனக்கென்று உரிமை கொண்டாட முடியவில்லை. 1960இல் விடுதலை பெற்ற நாட்டின் முதல் அதிபர் செங்கோர் கத்தோலிக்கர். அவருக்குத் துணைநின்றவர் பம்பாவின் மகன் ஃபாலிலு ம்பாக்கே. முரீதியரான பாடகர் யூசு ந்தூர் 2004இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் பம்பாவோடு நியாஸையும் லாயீன் பெரியாரையும் புகழ்ந்து பாடினார். அயல் தரீக்காவின் ஷைகும் தம் மண்ணின் பெரியவர் என்ற எண்ணமே செனகலியரின் தேசிய உணர்வு.

சறுக்கலும் உண்டு. 1988 தேர்தலில் அப்போதைய அதிபர் அப்து தியூஃபுக்கு வாக்களிக்குமாறு, முரீதுகளின் தலைவரான தூபாவின் கலீஃபா கட்டளையிட்டார். ஷைகுக்குக் காட்டும் பணிவை வாக்குச்சாவடிவரை இழுத்தது தவறுதான். பின்வந்த தேர்தல்களில் அத்தகைய கட்டளைகள் வலுவிழந்தன.

2013இல் தூபா விழா அரசு விடுமுறையாயிற்று. மவ்லிதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அங்கே விடுமுறைதான்.