கிபாட் எய்த அம்பு

வீட்டுக்கு எந்தக் குழந்தை வந்தாலும் பிடித்து உட்காரவைத்து நான் உரக்க வாசித்துக் காட்டும் புத்தகம் ஒன்று உண்டு. வெர்னா ஆர்டிமா எழுதி, பியாட்ரிஸ் விடால் படம் வரைந்து, 1981இல் வெளிவந்த ‘பிரிங்கிங் த ரெய்ன் டு கபிட்டி பிளெய்ன்’. கபிட்டி சமவெளிக்கு மழை வந்த கதை. சந்தத்துக்காக இத்தனை முறை நான் திரும்பிப் போன படக்கதை வேறு இல்லை.

இதன் சந்தம் ஆங்கிலக் குழந்தைகளின் பழைய பாட்டு ஒன்றிலிருந்து வந்தது. ‘ஜாக் கட்டிய வீடு’ என்ற அந்தப் பாட்டு 1755லேயே அச்சாகிவிட்டது. வீட்டில் கிடந்த தானியம், அதைத் தின்ற எலி, எலியைக் கொன்ற பூனை, பூனையை அலைக்கழித்த நாய், நாயை முட்டித் தூக்கிய பசு என்று அடிக்கு அடி ஓர் ஆள் சேரும். சேர்ந்ததும் மொத்தக் கூட்டத்தையும் மறுபடி வரிசையாகச் சொல்லியாக வேண்டும். தன் பெயரை மறந்த ஈயின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதுதான். அந்த ஈயும் கன்று, தாய்ப்பசு, இடையன், அவன் கைக்கோல் என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே போகும்.

ஆனால் ஜாக்கின் பாட்டில் எதற்கும் தவிப்பு இல்லை. எலி செத்தாலும் பூனை ஓடினாலும் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நாக்கு சுழல்வதுதான் அதில் சுகம்.

இப்போது கென்யாவுக்கு வாருங்கள். ஹாலிஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, நாண்டி மக்களின் மொழியையும் கதைகளையும் திரட்டி 1909இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிலிருந்த ஒரு கதைக்குத்தான் ஆர்டிமா ஜாக் பாட்டின் அடுக்கையும் தாளத்தையும் கொடுத்தார். மாடு மேய்க்கும் கிபாட்தான் நாயகன். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. காட்டு விலங்குகள் இடம்பெயர்ந்துவிட்டன. தலைக்கு மேலே கருமேகம் நிற்கிறது, கனத்து, சமவெளி முழுக்க நிழல் போட்டுக்கொண்டு. ஒரு சொட்டு விழவில்லை.

இங்கேதான் எனக்குப் புல்லரிக்கும். காய்ந்த புல் வருகிறது. மேகத்தில் போய் முடிகிறது. பசித்துக் கதறும் மாடுகள் வருகின்றன; புல்லைத் தொட்டு மறுபடி மேகம். நாரையைப் போல ஒற்றைக்காலில் நின்று மந்தையைப் பார்க்கும் கிபாட் வருகிறான். மாடு, புல், மறுபடி அதே மேகம்! ஜாக் பாட்டில் வெறும் விளையாட்டாக இருந்த திரும்பச் சொல்லல், இங்கே காத்திருப்பாகவே ஆகிவிடுகிறது. மாரி பொய்த்தால் மாடுகள் என்ன ஆகும் என்று தெரிந்த மக்களின் கதை இது. இந்த மேகம் எப்போதய்யா உடையும் என்று வாசிக்கிற நமக்கே தொண்டை வறளும்.

அப்போது ஒரு கழுகு இறகை உதிர்த்துவிட்டுப் போகிறது. அதைக் கிபாட் அம்பில் கட்டுகிறான். வில்லை வளைக்கிறான். வானத்தைப் பார்த்து எய்கிறான். மேகம் பொத்துக்கொண்டு, இடி முழங்க, மழை! பாட்டு நீள நீள வாசிப்பவருக்கு மூச்சு முட்டும் அல்லவா, அந்த மூச்சுமுட்டல் சரியாக இந்த இடத்தில்தான் விடுபடுகிறது. என்ன ஒரு கணக்கு!

விடாலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். அர்ஜென்டினாக்காரர். தட்டையான, அழுத்தமான வண்ணங்கள். ஒட்டகச்சிவிங்கிகளையும் வேல மரங்களையும் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலத்தை ஓட்டிவிடலாம்.

ஆர்டிமா மிச்சிகனில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கதை சொன்னால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்த மகளுக்காகக் கதை கட்டப் போய் எழுத்தாளரானவர். சோற்றுக் கிண்ணமும் கதையுமாக அலைந்த நம் பாட்டிமார்களோடு அவரையும் தயங்காமல் சேர்த்துவிடுவேன். 1983இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘ரீடிங் ரெய்ன்போ’ நிகழ்ச்சியில் இந்தக் கதையை வாசித்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடருக்குக் குரல் தந்தாரே, அவரேதான். அந்த இடிக்கு அவர் குரலைவிடப் பொருத்தமானது எது?

கிடைத்தால் விடாதீர்கள். மனசுக்குள் மட்டும் வாசிக்காதீர்கள், வாய்விட்டு வாசியுங்கள். புல்லும் மாடும் வரும்போது நிதானமாகப் போங்கள். இறகு விழுந்ததும் வேகம் கூட்டுங்கள். அம்பு பாயும் பக்கத்துக்கு முன்னால் நன்றாக மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். இடியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.