பரண் மேல் கிடக்கும் அரசு லேப்டாப்: ஒரு எஸ்எஸ்டி போட்டுப் பார்த்தேன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பரணைத் துழாவினால் ஒரு லேப்டாப் அகப்படும். மூடியில் கோபுர முத்திரை இருக்கும். சார்ஜர் எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் சொல்வார்கள். கடைக்குப் புதிதாக வந்த எதையும் இந்த முறை நான் தொடவில்லை. அந்தப் பரண் லேப்டாப்பைத்தான் இறக்கித் துடைத்து, அன்றாட வேலைக்கு வைத்துப் பார்த்தேன்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியதே நம் பக்கத்தில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா முதல் லேப்டாப்பைக் கொடுத்தார். அன்றைக்கு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே திருவள்ளூர் மாவட்டம். மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்து, கொரோனா காலத்தோடு திட்டம் நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று மறுபடியும் அறிவித்தார்கள். புதியதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பழைய ஐம்பது லட்சத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

நான் எடுத்தது என் அக்கா மகளுடையது, 2018 வாக்கில் வாங்கியது. 14 அங்குலத் திரை, ஏஎம்டியின் இரட்டைக் கோர் செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். தயாரித்த நிறுவனம் எது என்பது இங்கே பெரிய விஷயமில்லை. அரசு நிறுவனமான எல்காட் விட்ட டெண்டரில் நிறுவனங்கள் மாறி மாறி வந்தன, உள்ளே இருக்கும் சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். "மாமா, அத ஆன் பண்ணிட்டு நான் டீ போட்டு, குடிச்சி, டம்ளரும் கழுவி வெச்சிடுவேன். அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும்," என்றாள். மிகைப்படுத்தவில்லை. விண்டோஸ் 10 எழுந்து, பிரவுசர் திறந்து, ஒரு பக்கம் முழுசாக வர நாலைந்து நிமிடம் ஆனது.

இப்படி ஆனதும் எல்லோரும் சொல்வது, "பிராசஸர் வீக்." பழி தவறான இடத்தில் விழுகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசஸர் முப்பது, நாற்பது சதவீதத்தில் நிற்கும், டிஸ்க் மட்டும் நூறில் ஒட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் போடும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழல்வது. அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்க, ஒவ்வொன்றுக்கும் அதன் ஊசி நகர்ந்து தட்டு சுற்றி வருவதற்குப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் போய்விடும். நொடிக்கு நூறு கோப்பு படிப்பதே கஷ்டம். விண்டோஸ் 10 எழும்போதே வைரஸ் சோதனை, அப்டேட், தேடலுக்கான அட்டவணை என்று ஆயிரக்கணக்கில் கேட்கும். ரேஷன் கடையில் ஒரே தராசு, வாசலில் தெருவே நிற்கிற கதை. எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவுமில்லை. இதே வேலைக்கு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ஆகும். 2018-இல் சரி, இன்றைக்கும் சரி, இந்த மெஷினைக் கீழே இழுப்பது அந்தத் தட்டுதான்.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய செலவில்லாத வேலை ஒன்று உண்டு. வருடக்கணக்கில் சும்மா கிடந்த லேப்டாப்பில் கடிகாரத்தை ஓட்டும் நாணய பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். அப்போது எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் மறுக்கும். நெட் போகவில்லை, வைரஸ் வந்துவிட்டது என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். தேதியைத் திருத்தினால் வேலை முடிந்தது. அணைத்தால் மறுபடி பின்னால் போகிறதென்றால் அந்த பேட்டரியை மாற்றுங்கள், சொற்ப விலைதான். சில மாடல்களில் அதற்கு ஒயர் இணைப்பு இருக்கும், பழையதைக் கையில் எடுத்துப்போய்க் காட்டி வாங்குவது நல்லது.

எஸ்எஸ்டி வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு வழி சுலபம். லோக்கல் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம், பிறகு நடை. கேட்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி. "என்விஎம்இ இன்னும் ஃபாஸ்ட் சார்" என்று நீட்டினால் வாங்காதீர்கள். என் கையில் இருந்த மாடலில் அதற்கு இடமே இல்லை, இந்தத் திட்டத்தில் வந்த பழையவை பலவற்றிலும் இருக்காது. கேள்விப்படாத பெயரில் இரண்டு டெராபைட் ஆயிரம் ரூபாய்க்கு என்றால் அது ஏமாற்று. உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து, பொய் அளவைக் காட்டச் செய்திருப்பார்கள். ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், மூன்று வருட வாரண்டி: இவை மூன்றும் இல்லாமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

கூடவே ராமையும் எட்டாக்கிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். விலை கேட்டதும் நானே பின்வாங்கினேன். கடைக்காரத் தம்பி ஒளிக்காமல் சொன்னார்: "அண்ணே, இப்ப ராம் வாங்கறது தங்கம் வாங்கற மாதிரி. இருக்கறத வெச்சு ஓட்டுங்க." காரணம் உலகமறிந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சில்லுகளை மொத்தமாக அள்ளிக்கொள்கின்றன. 2025 கடைசியில் விலை மளமளவென்று ஏறியது. மைக்ரான் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குருஷியல் பிராண்டையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டியில் இருப்பதும் மெமரி சில்லுதான் என்பதால் அதுவும் ஏறியிருக்கிறது, ஆயிரத்தைந்நூறுக்குள் 240 ஜிபி கிடைத்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடலாம். இருந்தாலும் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி. பழைய ராம் வாங்குவதாக இருந்தால் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று உங்கள் மெஷினில் உள்ளதைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது. வாங்கி வந்ததும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு ஓர் இரவு ஓட விடுங்கள்.

மாற்றுவதற்குத் தேவை ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். ஃபேனில் பஞ்சு மெத்தை போலத் தூசி இருந்தால் பெயிண்ட் பிரஷால் தட்டி எடுங்கள், ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு. டிவிடி டிரைவ் உள்ள மாடலானால் அதைக் கழற்றிவிட்டு, கேடி என்று கடையில் கிடைக்கும் சட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்கைப் பொருத்தலாம். கேடியில் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமன் உண்டு, அளந்துவிட்டுப் போகவும். எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று தோன்றியது. ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பி கேஸில் போட்டு, படங்களைச் சேமிக்கும் பேக்கப் டிஸ்க்காக ஆக்கிவிட்டேன்.

இனி என்ன ஓஎஸ் என்ற கேள்வி. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புக்குப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்கும் செயலிப் பட்டியலில் இந்த லேப்டாப் இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றிவிட முடியும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது, 4 ஜிபியில் அது இளைக்கவும் செய்யும். யூடியூப் காணொளிகளில் இதை ஏதோ வித்தை போலக் காட்டுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

லினக்ஸ்தான் போட்டேன். இதில் புதுமை ஒன்றுமில்லை. 2006-07-இலேயே உமாசங்கர் ஐஏஎஸ் தலைமையில் எல்காட் அலுவலகம் லினக்ஸுக்கு மாறியது. திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக், சென்னையில் டெபியன் லினக்ஸை வைத்து உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட ஓஎஸ் அது. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் அதைத் தொட்டுப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் போன நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

என் தேர்வு லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு, முகப்பு விண்டோஸ் 7 பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்காது. பவர் பட்டனிலிருந்து டெஸ்க்டாப் வர அரை நிமிடத்துக்குள். டெஸ்க்டாப் வந்து நிற்கும்போது ராமில் ஒரு ஜிபிக்கும் குறைவாகத்தான் பிடித்திருந்தது. மீதியைப் பிரவுசர் சாப்பிடும், அதற்காக ஜிராம் என்ற வசதியை நிறுவிக்கொண்டேன். ராமில் உள்ளதையே சுருக்கி வைத்து இடம் பண்ணித் தரும் அது. ஏழெட்டு டேப், லிப்ரே ஆபீஸில் ஒரு கோப்பு, பாட்டு என்று வைத்தும் திணறவில்லை. பதினைந்து டேப் ஆனதும் முனகத் தொடங்கியது.

யூடியூபில் முதலில் ஃபேன் கத்தியது. தளம் அனுப்புவது ஏவி1, விபி9 வடிவங்கள், இந்தச் செயலியில் அவற்றை விரிக்கத் தனி வன்பொருள் இல்லை, கோர்களே மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் எச்264ஐஃபை என்ற நீட்சியைச் சேர்த்து, எச்.264 வடிவத்தை மட்டும் கேட்க வைத்தேன். 720பி ஓடும்போது ஃபேன் சத்தம் அடங்கியது. திரையே 1366×768 என்பதால் அதற்கு மேல் தேவையுமில்லை. கூகுள் மீட் தனியாக ஓடினால் சமாளிக்கிறது. கேமரா மட்டும் யாரையும் சோகையாகக் காட்டும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால், 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை பட்டியலில் வந்துவிடும். பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு. விசைகளின் ஆழம் நன்றாக இருக்கிறது. இன்றைய மலிவு லேப்டாப்களின் தட்டையான கீபோர்டைவிட இதில் நீளமாக எழுதுவது சுகம். கற்றுக்கொள்ளத் தமிழில் வேண்டுமென்றால் கணியம் தளம் வெளியிட்டிருக்கும் லினக்ஸ் மின்னூல்கள் இலவசம்.

வைஃபை பெரிய குறை. உள்ளே இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் அட்டை. கொரட்டூர், முகப்பேர் அடுக்ககங்களில் பட்டியலைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை தெரிகிறது, எல்லாம் அதே அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டில் லேன் துளை இருக்கிறது, ரவுட்டர் அருகிலிருந்தால் கேபிளைச் செருகிவிடுங்கள். யூஎஸ்பி வைஃபை வாங்குவதானால், லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் உள்ள மீடியாடெக் எம்டி7610, எம்டி7612 சில்லு கொண்டதாகப் பாருங்கள்.

பேட்டரி பலவற்றில் செத்திருக்கும். உப்பியிருந்தால் ஒரு நாள் கூட உள்ளே வைக்காதீர்கள். குத்தவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது, மின்கழிவு எடுப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். கழற்றி மாட்டும் வகையென்றால் பேட்டரி இல்லாமலேயே பெரும்பாலும் ஓடும், ஆனால் கரண்ட் போனால் எழுதியது போச்சு.

பேஜ்மேக்கரும் வானவில் எழுத்துருவும் வைத்து டிடிபி வேலை செய்பவர்களும், டேலியில் கணக்கு எழுதுபவர்களும் லினக்ஸுக்கு வர வேண்டாம். எஸ்எஸ்டியை மட்டும் போட்டு, விண்டோஸ் 10-ஐ நெட் இணைக்காமல் ஓட்டிக்கொள்ளலாம். 2011-13 காலத்தில் வந்த 2 ஜிபி ராம், 320 ஜிபி டிஸ்க் மாடல்களுக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன். இன்றைய பிரவுசர் ஒன்றே அந்த 2 ஜிபியைத் தின்றுவிடும். 'வில்லங்கமில்லை, குறைந்த விலை' என்று யாராவது அரசு லேப்டாப்பை விற்க வந்தால் வாங்காதீர்கள், அவை விற்பனைக்குரியவை அல்ல.

மற்றபடி 4 ஜிபி ராம் உள்ள பிந்தைய மாடல் வீட்டில் இருந்து, தேவை படிப்பு, தட்டச்சு, அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம், காணொளி வகுப்பு இவ்வளவுதான் என்றால், புதிய லேப்டாப் பார்க்கக் கிளம்பாதீர்கள். ஒரு எஸ்எஸ்டியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியமும் ஒதுக்குங்கள். இன்னும் மூன்று ஆண்டுக்கு அது தாங்கும்.