நியான்-19 ஆற்றல் நிலைகளும் நோவாக் காமாக்கதிர்களும்: இரு கட்டுரைகள் மீதான திறனாய்வு

வெண்குறுமீன் ஒன்று தன் துணை விண்மீனிடமிருந்து கவரும் ஹைட்ரஜன் மேற்பரப்பில் படிந்து, வெப்பமேறி வெடிப்பது நோவா எனப்படும். அவ்வெடிப்பில் தோன்றும் புளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிட அரை ஆயுளுடன் சிதைந்து பாசிட்ரான்களை உமிழ்கிறது. அவை எலக்ட்ரான்களுடன் சேர்ந்து அழியும்போது 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கி.எ.வோ.) காமாக்கதிர்கள் பிறக்கின்றன. நோவாக்களிலிருந்து இக்கதிர்கள் இதுவரை கண்டறியப்படவில்லை. வெடிப்பு ஒளியாகப் புலப்படுமுன்னரே அவை தோன்றி மறைந்துவிடுவதும் இதற்கொரு காரணம். புளோரின்-18 புரோட்டானை ஏற்று, ஆல்பா துகளை விடுத்து, ஆக்சிஜன்-15 ஆகும் வினை விரைவாயின் கதிர்களுக்கு மூலமான புளோரினே எஞ்சாது. ஆகவே அவ்வினைவேகம் கோட்பாட்டுக் கணிப்பின் அச்சாணியாகிறது.

நோவா வெப்பநிலைக்குரிய தாழ்ந்த ஆற்றல்களில் இவ்வினையைக் கதிரியக்கக் கற்றை கொண்டு நேரடியாக அளப்பது மிக அரிது. ஆதலின் கூட்டு அணுக்கருவான நியான்-19இன் ஆற்றல் நிலைகள் வேறு வினைகளின் வழியே அளக்கப்படுகின்றன. அவற்றுள் 6411 கி.எ.வோ. புரோட்டான் பிரிவாற்றலை ஒட்டியுள்ள நிலைகளே சிக்கலானவை. இங்குள்ள 8, 38 கி.எ.வோ. ஒத்ததிர்வுகள் தற்சுழற்சி 3/2, நேர் பாரிட்டி உடையவை என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. அவ்வாறாயின், அதே பண்புடைய 665 கி.எ.வோ. அகன்ற ஒத்ததிர்வுடன் அவை குறுக்கீட்டு விளைவை ஏற்படுத்தும். அக்குறுக்கீடு ஆக்கமா அழிவா என்பது தெரியாமையால் விளைந்த ஐயப்பாடு 40 மடங்கு வரை சென்றது.

லேயர்ட் குழுவினர் 2013இல் வெளியிட்ட கட்டுரை இந்த அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தியது. புளோரின்-19 இலக்கின்மீது ஹீலியம்-3 செலுத்தி, வெளிவரும் டிரைட்டான்களை அவர்கள் அளந்தனர். பிரிவாற்றலுக்கு மேல் 50 கி.எ.வோ.க்குள் குறைந்தது மூன்று நிலைகள் தென்பட்டன. எதன் கோணப் பரவலும் 3/2 நேர் பாரிட்டியுடன் பொருந்தவில்லை. 48 கி.எ.வோ. ஒத்ததிர்வின் அறியப்படாத புரோட்டான் அகலமே இனி முதன்மையான ஐயம் என்று அவர்கள் முடிவு செய்தனர். எண்களைவிட, சரிபார்க்கப்படாமல் கைமாறி வந்த ஒரு கருதுகோளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்ததே இக்கட்டுரையின் சிறப்பு. எனினும் நெருங்கிக் கிடக்கும் நிலைகளின் கோணப் பரவலை மட்டும் கொண்டு தற்சுழற்சியை விலக்குவது உறுதியான சான்றாகாது; இவ்வகை மின்னூட்டப் பரிமாற்ற வினையின் இயங்குமுறை எளியதன்று.

ஹால் குழுவினரின் 2019 கட்டுரை அதே வினையைக் கையாண்டு, டிரைட்டானுடன் உடனிகழும் காமாக்கதிர்களையும் பதிவு செய்தது. 6423, 6441 கி.எ.வோ. இடங்களில் 3/2 நேர் பாரிட்டி நிலைகள் மீண்டும் இடம்பெற்றன. கருவி நோக்கில் இது தெளிவான முன்னேற்றம்: டிரைட்டான் அளவில் ஒன்றன்மேல் ஒன்று படியும் நிலைகளை அவற்றின் சிதைவு வழிகள் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் கட்டுரைத் தலைப்பு நிலைகள் ‘இனங்காணப்பட்டன’ என்கிறது. சுருக்கமோ அவற்றின் இடம் ‘சுட்டப்படுகிறது’ என்ற அளவில் நின்றுகொள்கிறது. இவ்விரு வினைச்சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் தலைப்பையே எடுத்துச் செல்வர். காமாக்கதிர் இறங்குவழி தற்சுழற்சியின் வரம்பைக் குறுக்குமேயன்றி, தனித்து நின்று அதனை அறுதியிடுவதில்லை. ஆடி அணுக்கருவான புளோரின்-19இன் ஒத்த நிலைகளுடனான ஒப்பீடு துணைக்கு வேண்டியிருக்கிறது. முந்தைய கருதுகோளும் அவ்வொப்பீட்டில்தான் வேர்கொண்டிருந்தது.

வினைவேகத்தின் மேல்வரம்பு 1.5 முதல் 17 மடங்கு வரை குறைந்ததாக இக்கட்டுரை கூறுவதும் கவனமாகப் படிக்கத்தக்கது. குறைந்தது மேல்வரம்பு. நோவாவைக் கண்டறியும் வாய்ப்பின் மீதான சராசரி ஐயமோ 2.1 மடங்கே குறைந்தது. நிலையின் ஆற்றலை எத்துணை நுட்பமாக அளந்தாலும், அதன் புரோட்டான் அகலமோ குறுக்கீட்டின் குறியோ அவ்வளவீட்டிலிருந்து கிட்டாது. குறியை அறிய, ஒத்ததிர்வுகளுக்கு இடைப்பட்ட ஆற்றல்களில் புளோரின்-18 கற்றையைக் கொண்டே வினையை அளந்தாக வேண்டும்.